ஏசி போட்டால் சாகாத வண்டி

அத்தியாயம் 9

மகன் கல்யாணத்தில் முத்துராமலிங்கத்துக்குச் சீராக வந்த கார் ஆறு வாரத்தில் மூன்று முறை செத்துப் பிழைத்திருந்தது. மூன்று சாவும் பொது இடத்தில்.

முதல் சாவு திருப்புல்லாணி கோயில் வாசலில். இரண்டாவது கூட்டுறவுச் சங்கத்துக்கு முன்னால். மூன்றாவது போன ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஜென்ம விரோதி சின்னக்கருப்பன் வீட்டுக் காதுகுத்தில். பந்தல் வாசலில் கார் வந்து நின்றது. கதவைத் திறக்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து என்ஜின் ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கிப் போயிற்று. சின்னக்கருப்பன் கும்பிட்ட கையை இறக்காமலே, "தள்ளணுமா மச்சான்? ஆளு நிக்குது" என்றார்.

அதற்கு முத்துராமலிங்கம் சொன்ன பதிலைப் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சோற்றில் கை வைக்காமல் கேட்டார்கள்.

"சம்பந்தி என்னய ஏமாத்திப்பிட்டான். ஆடி பொறக்கட்டும். வண்டியையும் பொண்ணையும் அவன் வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு, நான் பஸ்ல வாரேன். பாத்துக்கங்க."

புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஆவணியில் போய் அழைத்து வருவதும் வழக்கம். முதல் வழக்கத்தை முறையாகச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது என்பது அவருடைய ஏற்பாடு. கோர்ட்டு வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம். காலண்டரே பார்த்துக்கொள்ளும்.

அவர் முன்னாள் யூனியன் சேர்மன். மகன் கல்யாணத்துக்கு வைத்த பிளெக்ஸ் போர்டில் 'சொன்ன சொல் தவறாத செம்மல்' என்று போட்டிருந்தது. அந்த போர்டு இப்போது ஆட்டுக் கொட்டகைக்கு மேல் கிடக்கிறது. ஆடுகளுக்கு வெயில் படாமல் செம்மல் பார்த்துக்கொள்கிறார்.

நேற்றுவரை ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்று வெள்ளிக்கிழமை. ஆடி ஒன்று.

* * *

மருமகள் இராமலட்சுமியிடம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஆனாலும் விடிந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்புகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாமியார் நாகலெட்சுமி அதைச் சொல்லி முனகியதையும், மாமனார் தொண்டையைச் செருமி அதை அடக்கியதையும் அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அடுத்தது மாமனார் ஆள் வைத்து அடுக்கிய பெட்டி. ஒரு மாசத்துக்கு ஆறு சேலை போதும். உள்ளே இருபத்து மூன்று இருந்தன. அவற்றுக்கு அடியில் அவளுடைய பி.எஸ்ஸி. சர்டிபிகேட் பைல். தாய்வீட்டில் ஆடிக்கூழ் குடிக்கப் போகிறவளுக்கு டிகிரி எதற்கு?

அதற்கும் மேலாக ஒரு குடை. இருபது வருஷமாகத் தன் கையால் குடை தூக்கியிராத மாமனார் இன்று ஒன்றை இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார். காரில் போய்க் காரில் வருகிற மனிதர் எந்த வெயிலுக்குப் பயந்தார் என்பது அவளுக்குப் புரியவில்லை.

கணவன் தனுஷ்கோடியிடம் கேட்கலாம். கல்யாணமான ஒன்பதாம் நாள் லீவு முடிந்து சென்னைக்கு ரயிலேறியவன், அன்றிலிருந்து போனில் மட்டும்தான் இருக்கிறான். இரண்டு நாளாகப் போனிலும் இல்லை.

அப்பா பூமிநாதனோ, சம்பந்தியே நேரில் கொண்டுவந்து விடுகிறார் என்று கேட்டதும் நெகிழ்ந்து போய், திருப்பாலைக்குடிக்கு மேற்கே உள்ள தன் ஊரில் நாலு வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

டிரைவர் இருளாண்டி வண்டியை எடுத்தான். முன்சீட்டில் மாமனார். பின்சீட்டில் மாமியாரும் மருமகளும்.

இந்தக் காரில் ஏசி போடுவதற்கு ஒரு சட்டம் உண்டு. நாலு பேர் பார்க்கிற இடத்தில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட வேண்டும். ஆட்டைத் தவிர வேறு யாரும் பார்க்காத இடத்தில் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்க வேண்டும். வண்டி எங்கேயாவது நிற்கப் போகிறது என்றால் அதற்குக் கொஞ்சம் முன்பே ஏசியை அணைத்துவிட வேண்டும். நிற்கிற வண்டிக்குக் குளிர் எதற்கு, டீசல் என்ன கண்மாயிலா ஊறுகிறது என்பது முத்துராமலிங்கத்தின் கேள்வி.

ராமநாதபுரத்துக்குள் நுழைகிற கீழக்கரை ரோட்டு ரயில்வே கேட் அடைத்திருந்தது. முன்னால் இரண்டு லாரி, ஒரு மினி பஸ். சட்டப்படி ஏசி அணைந்தது. இருளாண்டி கியரை நியூட்ரலில் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தான்.

என்ஜின் செத்தது.

"பாத்தியா" என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

பக்கத்தில் வந்து நின்ற பைக்கில் சின்னக்கருப்பனின் தங்கச்சி மகன் இருந்தான். கண்ணாடி உடனே மேலே ஏறியது. ஏசியைப் போடு என்று உத்தரவு. இருளாண்டி கிளட்சை மிதித்தான், என்ஜின் எழுந்துகொண்டது. ஏசி ஓடியது. இருளாண்டி மறுபடி நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்தான். இந்தத் தடவை என்ஜின் அசையவில்லை. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது.

இராமலட்சுமி அதைக் கவனித்தாள். அவள் அப்பா வைத்திருந்த பழைய டீசல் காரில் ஏசி போட்டால்தான் என்ஜின் திணறும். அணைத்தால் மூச்சு விடும். இங்கே தலைகீழாக இருந்தது.

ரயில் வரவில்லை. வண்டிக்குள் நன்றாகக் குளிர்ந்துவிட்டது. பைக்குக்காரனும் இந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டான். மாமனார் கையை நீட்டிக் குளிரைக் கடைசிப் புள்ளிக்குக் குறைத்தார். என்ஜின் அடங்கியது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் குளிர்ந்த காற்று, அப்புறம் வெறும் காற்று, அப்புறம் ஊர்க்காற்று. நாகலெட்சுமியின் நெற்றியில் வேர்வை பூத்தது.

அப்போது என்ஜின் தானாக ஓட ஆரம்பித்தது.

இருளாண்டி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்குக்கு மேலே தூக்கிக் காட்டினான். நாகலெட்சுமி தாலியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தின் பெயரைப் பாதியில் விழுங்கினாள். இராமலட்சுமியின் கையே கதவுப் பிடிக்குப் போயிற்று.

மாமனார் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதுதான் அவளை உறுத்தியது. தோசை முறுகினாலே யார் செய்த வேலை இது என்று விசாரணை வைக்கிற மனிதர். ஆள் தொடாமல் ஒரு என்ஜின் எழுந்து ஓடுகிறது; அவர் திடுக்கிடவில்லை, திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை எதிர்பார்த்தவர் போல இருந்தார்.

* * *

தேவிபட்டினம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். நவபாஷாணக் கோயிலுக்கு வந்த வேன்களால் தெரு அடைத்துக் கிடந்தது. அவமானப்படுத்தப் போகிற வீடானாலும் வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை அல்லவா? மனைவியையும் அழைத்துக்கொண்டு வாழைப்பழமும் அல்வாவும் வாங்க இறங்கினார். மருமகளை உள்ளேயே இருக்கச் சொன்னார்.

அவர்கள் கூட்டத்தில் மறைந்ததும் இராமலட்சுமி கேட்டாள். செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து யாரோ ஒருத்தர் வந்து தொழுவத்துப் பக்கம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாரே, அவர் யார்?

இருளாண்டி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். முப்பது வருஷமாக அந்த வீட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன். வாயைத் திறந்தால் வேலை இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறான். ஆனால் மூன்று சாவுக்கும் கொலைகாரன் என்று பெயர் வாங்கியவனும் அவன்தான்.

"வண்டி வித்த கம்பெனி ஆளு தாயி. பால்சாமின்னு பேரு."

"என்ன சொன்னாரு?"

"கோளாறே இல்லையாம். நிக்கிற நேரத்துல டீசல் வீணாப் போகக் கூடாதுன்னு வண்டியே அணைஞ்சுக்கிருமாம். கிளச்ச மிதிச்சா எந்திரிச்சிரும். ஏசிய ஓட்டுறதும் அதே என்ஜின்தானே? அதுனால நமக்குக் குளிர் வேணும்னா அணையாது. போதும்னா அணையும். அணைஞ்சு கெடக்குறப்ப உள்ள வெக்கையாயிருச்சுன்னா தானா எந்திரிக்கும். புது மாடலு, இப்படித்தான் இருக்கும்னு நாலு தடவ செஞ்சு காட்டிட்டுப் போனாரு."

"மாமா பாத்தாகளா?"

"பக்கத்துல நின்னு பாத்தாக. டீசல மிச்சம் பிடிக்க அய்யா போட்ட சட்டந்தான் அத்தன எடத்துலயும் வண்டிய அணைச்சிருக்கு. அதையும் அந்த ஆளு சிரிக்காமச் சொன்னாரு."

ரயில்வே கேட்டில் கடிகாரத்தைப் பார்த்த முகம் அவளுக்கு இப்போது விளங்கியது. வண்டி நல்ல வண்டி என்று மூன்று நாளாக அவருக்குத் தெரியும். தெரிந்தும் இந்தப் பயணம் ஏன்?

அவள் கேட்காமலே இருளாண்டி ஞாயிற்றுக்கிழமைப் பந்தலில் நடந்ததைச் சொன்னான். பஸ்ஸில் திரும்பப் போவதாகச் சொன்னது உட்பட.

"வண்டிக் கோளாறு செவ்வாக்கெழமையே தீந்து போச்சு தாயி. ஞாயித்துக்கெழமை வாயில வந்த கோளாறுக்குத்தான் மெக்கானிக் இல்ல."

அவள் வெளியே பார்த்தாள். மாமனார் அல்வாக் கடையில் அரைக்கிலோவா முக்கால் கிலோவா என்று மாமியாரோடு வாதாடிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, தன் விலை முக்கால் கிலோ வரைக்கும் ஏறும் போலிருக்கிறது.

தெரியாதவருக்கு விளக்கிச் சொல்லலாம். தெரிந்தவருக்கு என்ன சொல்வது? அவர் தன் வாயால் சொன்னதை விழுங்குவதற்குப் பதிலாக ஒரு பெண்ணைத் துப்பிவிடத் தயாராக இருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரத்தில் அப்பாவின் வாசலில், சொந்தக்காரர்கள் பார்க்க, ஏசியை அணைக்கச் சொல்வார். என்ஜின் சாகும். பார்த்துக்கொள் சம்பந்தி என்பார். அதற்கப்புறம் நியாயம் பேச யாருக்கும் வாய் இருக்காது.

ஆகவே என்ஜின் சாகக் கூடாது. அவளால் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான்.

* * *

திருப்பாலைக்குடி தாண்டி மேற்கே திரும்பியதும் கண்ணாடிகள் ஏறின, ஏசி ஓடியது. ஊர் எல்லை அல்லவா? இன்னும் இரண்டு நிமிஷத்தில் அணைக்கச் சொல்வார்.

மாமனாரிடம் அவள் நேராகப் பேசுவதில்லை. ஒரு முழ தூரத்தில் முன்சீட்டில் இருக்கிறவருக்கும் மாமியார் வழியாகத்தான் சேதி போக வேண்டும்.

"அத்தே, தலை சுத்துது. ஏசிய அமத்த வேணாம்னு மாமாட்ட சொல்லுங்க."

நாகலெட்சுமி சேதியை முன்னால் அனுப்பவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் தணிந்த குரலில், தலைக்கு முழுகி எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள்.

இராமலட்சுமிக்குக் கேள்வி புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்தபோது முகம் சிவந்துவிட்டது. மறுப்பதா, நாள் சொல்வதா என்று அவள் தடுமாறிய அந்த இடைவெளியை நாகலெட்சுமி தனக்கு வேண்டியபடி எண்ணிக்கொண்டாள்.

"ஏலே இருளாண்டி, மெதுவாப் போ. பள்ளத்துல விடாத. குளிர நல்லா வையி."

"இனி என்னத்துக்கு? ஊரு வந்துருச்சு, அமத்து" என்றார் முத்துராமலிங்கம்.

"அமத்தாத" என்றாள் நாகலெட்சுமி.

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாக்கியத்துக்கு மேல் அவள் ஒரு வாக்கியம் வைத்தது இதுதான் முதல் தடவை. இருளாண்டியின் கை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கியரிலேயே இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பூமிநாதன் வீட்டு வாசலில் பதினாலு பேர் நின்றார்கள். இராமலட்சுமியின் அம்மா சோலையம்மாள் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். முத்துராமலிங்கம் இறங்கி, துண்டைச் சரிசெய்து, ஆரத்தியைக் கையால் தடுத்தார். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு.

"இருக்கட்டும் சம்பந்தி. மொதல்ல நீங்க குடுத்த வண்டியோட லட்சணத்தப் பாருங்க. எல்லாரும் பாருங்க. இருளாண்டி, நியூட்ரல்ல போட்டுக் கால எடு."

இருளாண்டி எடுத்தான். பதினாலு பேரும் காரைப் பார்த்தார்கள். கார் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் காத்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பூமிநாதன் வண்டியைச் சுற்றி வந்து, நாலு டயரையும் பார்த்து, ஒன்றும் விளங்காமல், சத்தமே இல்லாம நல்லாத்தானே ஓடுது என்று பணிவாகச் சொன்னார்.

"இப்ப ஓடும். ஏசிய அமத்துனா தெரியும். ஏலே, அமத்துடா."

இருளாண்டி கையை நீட்டுவதற்குள் பின்கண்ணாடி கொஞ்சமாக இறங்கியது. அதில் நாகலெட்சுமியின் முகம் தெரிந்தது. அவள் கணவனைப் பார்க்கவே இல்லை. சோலையம்மாளைக் கையசைத்து அருகே கூப்பிட்டு, காதில் நாலு வார்த்தை சொன்னாள்.

சோலையம்மாள் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்ற சின்னம்மாவுக்கு விஷயம் போனது. சின்னம்மா யோசிக்கிற ரகமில்லை. நாக்கை மடித்துக் குலவை போட்டாள். இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"இந்த வண்டி..." என்று ஆரம்பித்த முத்துராமலிங்கத்தின் பேச்சு குலவையில் முங்கிப்போயிற்று. பூமிநாதன் ஓடி வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். அதைச் சொல்லத்தான் நேர்ல கூட்டியாந்தீகளா சம்பந்தி என்றார். ஞாயிற்றுக்கிழமைச் சொல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்த மனிதர், அதை வைக்க இடமில்லாமல் நின்றார்.

இராமலட்சுமி காரிலிருந்து இறங்கினாள். தான் அப்படிச் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்று மட்டும்தான் சொன்னாள். இப்போதே மறுத்துவிடலாம். மறுத்தால் குலவை நிற்கும், ஏசி நிற்கும், அப்புறம் எல்லாமே நிற்கும்.

அவள் முதல் முறையாக மாமனாரைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"மாமா, ஆவணியில என்னயக் கூப்பிட என்னைக்கு வருவீக?"

பதினாலு முகமும் அவர் பக்கம் திரும்பியது. மனைவியின் முகம் பதினைந்தாவது.

முத்துராமலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு முறை காரைப் பார்த்தார். அது அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

"ஏழாந்தேதி" என்றார். "நானே வாரேன்."

சொன்ன சொல் தவறாதவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு சொல் சேர்ந்துவிட்டது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும்.

* * *

இலை போட்டார்கள். வாய்க்குள் போன சோற்றைவிட முத்துராமலிங்கம் வெறித்துப் பார்த்த சோறு அதிகம். நாகலெட்சுமி, சோலையம்மாளிடம் என்னென்ன கொடுக்கக் கூடாது என்று பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தாள். பப்பாளியில் ஆரம்பித்து எள்ளுக்கு வந்திருந்தாள்.

இராமலட்சுமி அம்மாவைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஒவ்வொருத்தராக வந்து கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்கள். அம்மாவிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் அடுப்படிக்குள் நுழைந்தபோது, கூடத்திலிருந்து அப்பாவின் குரல் உரக்கக் கேட்டது.

"மாப்பிள்ள, நல்ல சேதி. நீங்க அப்பாவாகப் போறீக."

அவள் திரும்பினாள். இரண்டு நாளாக அவளுக்கு எடுக்காத போனை, இப்போது அவள் அப்பாவுக்கு எடுத்திருக்கிறான். அப்பா சிரித்துக்கொண்டே செல்போனை அவள் கையில் திணித்தார். இந்தா, மாப்பிள்ள ஒன்கிட்டப் பேசணுமாம்.

கூடம் முழுக்க அவள் வாயையே பார்த்தது. முத்துராமலிங்கமும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"லெட்சுமி" என்றான் தனுஷ்கோடி. குரலில் சந்தோஷம் இல்லை. பயமும் இல்லை. யாரோ பக்கத்தில் இருக்கும்போது பேசுகிற குரலாக இருந்தது. "நெசமா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் ஏழாந்தேதி இல்லை. இரண்டையும் சொல்லாமல் அவள் தன் மனதில் ஒரு மாசமாக இருந்ததைக் கேட்டாள்.

"நீங்க எப்ப வாரீக?"

லைன் அறுந்துவிடவில்லை, அவன் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், ஒரு பெண்குரல் கேட்டது.

"யாருங்க போன்ல?"